ஏகமனதாக என்று எழுதியவள்

பிட்டர்கேன் ஓடைச் சபையில் நாற்பத்தாறு வருஷமாகக் குறிப்பேடு எழுதி வந்தவள் ஓசெல்லா மாப். யார் ஞானஸ்நானம் எடுத்தார்கள், யார் கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போனார்கள், போனவர்கள் எத்தனை மாதத்தில் வெட்கமில்லாமல் திரும்பி வந்தார்கள், கோபுர மணிக்குக் கயிறு வாங்கப் போனவர் ஏன் கயிறில்லாமல் வந்தார், எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வரி கோணாது, மை தெறிக்காது. "கோர்ட்டு கிளார்க்குகூட இப்படி எழுத மாட்டான்" என்று சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் பெருமை பேசுவார்கள். மிசிசிப்பியில் கோர்ட்டு கிளார்க்குகள் கறுப்புச் சனங்களைப் பற்றி என்னென்ன எழுதினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது அப்படியொன்றும் பெரிய பெருமை இல்லை.

பிழைப்புக்கு அவள் செய்தது சமையல். கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக் கூடத்தில் சேர்ந்தாள். பிறகு இரண்டு பள்ளிக்கூடங்களையும் ஒன்றாக்கியபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டாள். முப்பத்தொரு வருஷம். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். தட்டில் சோள ரொட்டியை மிச்சம் வைக்கிற பிள்ளையை அப்படியே திரும்பி உட்கார வைப்பாள், அது வங்கி முதலாளியின் பேரனாக இருந்தாலும் சரி. புருஷன் கிளைட் மரம் அறுக்கும் ஆலையில் தூள் தின்று நுரையீரல் கெட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் இந்த ஊர்ச் சங்காத்தமே வேண்டாமென்று டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது சபை, குறிப்பேடு, கோரின்.

கோரின் ட்ரெட்வே ஓசெல்லாவைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே வரிசையில் பருத்தி எடுத்து வளர்ந்தவர்கள். ஆலயத்தில் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேரும் அறுபது வருஷம் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் யாராவது உட்கார வந்தால் கோரின் கைப்பையைத் தூக்கி நடுவில் வைப்பாள்.

கோரினுக்கு ஒரு தம்பி இருந்தான். லூஷியஸ். இந்தக் கதை அவனுடையதும்தான், ஆனால் அவன் அதில் அதிக நேரம் இருக்கப்போவதில்லை. அவனை இருக்க விடவில்லை.

அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஓட்டைப் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தான். அதில் கறுப்புச் சனங்களை ஏற்றிக்கொண்டு போய்க் கோர்ட்டு வாசலில் இறக்குவான், வாக்காளர் பட்டியலில் பேர் எழுத. உள்ளே போனவர்களைச் சட்டத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, பொருள் கேட்டு, என்ன சொன்னாலும் தப்பு என்று திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் ஏற்றிக்கொண்டு போவான்.

"ஏறுங்க அத்தை, சொர்க்கத்துக்கு இல்ல, கோர்ட்டுக்குத்தான்" என்பான். "ரெண்டு எடத்துலயும் கேள்வி கேட்டுட்டுத்தான் உள்ள விடுவான். இங்க பழகிக்கிட்டா அங்க சுளுவாப் போயிடும்."

ஓசெல்லா அந்த வண்டியில் ஏறவில்லை. பட்டியலில் பேர் எழுதப் போனவர்களின் பேரை மறுநாள் செய்தித்தாளில் போடுவார்கள். அதற்கு மறுநாள் வேலை போய்விடும். இரண்டு கைக்குழந்தைகள் இருந்தன. லூஷியஸ் அவளை விடமாட்டான்.

"ஊர்ல எல்லார் பேரையும் முத்து முத்தா எழுதறீங்கக்கா. உங்க பேர மட்டும் அங்க போயி எழுத மாட்டேங்கறீங்க."

"போடா, வாயாடி. ஒனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

"பொறக்கப்போற பிள்ளைங்களுக்குச் சேத்துத்தானக்கா வண்டி ஓட்டறேன்."

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரை வீட்டில் இறக்கிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. வண்டி பிட்டர்கேன் பாலத்தின் மேல் கதவு திறந்தபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற வேளையில் உடம்பு கீழே நாணலில் ஒதுங்கியது. குடித்துவிட்டுப் பாலத்திலிருந்து தவறி விழுந்தான் என்று ஷெரீப் சொன்னான். மோரைத் தவிர வேறெதையும் குடிக்காத பையன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் சோறாவது அதிகம் போடுவான். இவர்கள் அந்தச் சிரமமும் படவில்லை. விபத்து, நீரில் மூழ்கி மரணம் என்று பிணப் பரிசோதனை அதிகாரி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். பெட்டியை மூடியே அடக்கம் பண்ண வேண்டும், வீட்டார் யாரும் பார்க்கக் கூடாது என்றும் உத்தரவு.

அடக்கக் காரியங்கள் பார்க்கிற ஹோசியா பர்னெல் நம் ஆள்தான். அந்த வாரம் அவர் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். சபையின் அடக்கச் சங்கத்திலிருந்து இரண்டு பெண்களைக் குளிப்பாட்டக் கூப்பிட்டார். ஒருத்தி கிழவி ஐடெல்லா. இன்னொருத்தி ஓசெல்லா.

அவள் பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் சதைக்குள் இறங்கிய கம்பித் தடம் இருந்தது. கம்பியை யாரோ கழற்றியிருந்தார்கள். இடது காதுக்குப் பின்னால் மண்டை உள்வாங்கியிருந்தது. கைகள் இரண்டும் இறுக மூடியிருந்தன. விரல் விரலாகப் பிரித்தார்கள். உள்ளே ஓடைப்பாசி, வேரும் சேறுமாக, பிடுங்கிய பிடியிலேயே இருந்தது. நகத்துக்குள்ளெல்லாம் அடிச் சேறு.

கிழவி ஐடெல்லா எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியவள். அவள் சொன்னாள்: "செத்தவன் பாசியைப் பிடுங்க மாட்டான்டி."

அவ்வளவுதான் பேசினார்கள். பாசியை அடுப்பில் போட்டார்கள்.

பர்னெல் வெளியே போய் லூஷியஸின் தாயிடம் சொன்னார்: "தண்ணில விழறதுக்கு முந்தியே போயிட்டான்மா. மண்டையில ஒரே அடி. அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சமிருந்த பதினொரு வருஷத்தையும் ஓட்டினாள். கோரின் ஓசெல்லாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"நீ உள்ள இருந்தே. பர்னெல் சொன்னது நெசமாடி?"

"நெசந்தான்."

"சத்தியமா?"

"சத்தியமாடி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவனுக்கு."

இது முதல் பொய். இதற்காக அவளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். இரண்டாவதுதான் இருக்கிறது.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை சபைக் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும். போன மூன்று மாதத்தில் நடந்ததைக் குறிப்பேட்டிலிருந்து ஓசெல்லா வாசிப்பாள். போதகர் "திருத்தம் உண்டா?" என்று கேட்பார். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, எல்லாரும் "ஆம்" என்றால் அது சபையின் வாக்கு. நம் சனங்களுக்கு ஊரில் எங்கேயும் வாக்கு இல்லாத காலத்தில் ஆலயத்துக்குள் மட்டும் இருந்தது. அதனால் அதை வெகு சிரத்தையாகச் செய்வார்கள். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பதற்குக்கூட முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்குவார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்திப் போதகர் காஸ்வெல் அவள் அடுப்படியில் வந்து நின்றார். அந்தக் கோடையில் அந்த மாவட்டத்தில் மட்டும் மூன்று கறுப்பர் ஆலயங்களைக் கொளுத்தியிருந்தார்கள். மனிதர் இளைத்துத் துரும்பாகியிருந்தார்.

"ட்ரெட்வே பையனப் பத்தி என்ன எழுதப்போறீங்க, சிஸ்டர்?"

"நடந்தத எழுதப்போறேன், பாஸ்டர்."

"ஷெரீப்போட ஆளு புஸ்தகத்தப் பாக்கணும்னு கேட்டிருக்கான். வருவான். கொன்னுட்டாங்கன்னு அதுல இருந்தா அந்த வாரமே ஆலயம் இருக்காது. சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதையே எழுதிடுங்க." புறப்படும்போது சொன்னார்: "ஆண்டவருக்குத் தெரியும். தாளுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் எழுதினாள். 'சகோதரர் லூஷியஸ் ட்ரெட்வே, விபத்தினால் நீரில் மூழ்கிக் காலமானார்.' சனிக்கிழமை அதை எழுந்து நின்று வாசித்தாள். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு முதல் பெஞ்சைத் தாண்டவில்லை.

"திருத்தம் உண்டா?" என்றார் காஸ்வெல்.

"உண்டு" என்று எழுந்தாள் கோரின். "எங்க தம்பி விழல. தள்ளிட்டாங்க. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தள்ளினவன் பேருகூடத் தெரியும்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசித்ததை அப்படியே ஏற்க இளைஞன் ஒருவன் முன்மொழிந்தான். ஆர்விஸ் போல்டன் வழிமொழிந்தார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது, நாலு பிள்ளைகள், வெள்ளைக்காரன் நிலத்தில் குடிசை. ஆம் என்பவர்கள் கை தூக்கினார்கள். நாற்பத்தொரு கை. லூஷியஸ் வண்டியில் ஏறிக் கோர்ட்டுக்குப் போனவர்களின் கைகளும் அதில் இருந்தன.

"எதிர்ப்பு?"

"நான்" என்றாள் கோரின். "நான் ஒருத்தி. இல்லன்னு சொல்றேன். என் பேரப் போட்டு எழுதிக்க ஓசெல்லா."

ஓசெல்லா தலையாட்டினாள்.

மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் தூங்கும்போது, சாப்பாட்டு மேசையில் குறிப்பேட்டை விரித்தாள். கோரின் பேரை எழுதினால் ஷெரீப்பின் ஆள் வாசிப்பான். வாசித்தால் அடுத்து எரிவது கோரின் வீடு. இப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் எழுதியவள் யார் என்றும் அவன் கேட்பானே என்கிற பயம் அந்த உண்மைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது, அதுதான் பேனாவைப் பிடித்தது. 'அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதினாள். முத்து முத்தாக.

டிசம்பர் கூட்டத்தில் வாசிக்கும்போது அந்த வரியை மட்டும் தாண்டிப் போனாள். ஷெரீப்பின் ஆள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வரவே இல்லை. ஒருநாளும் வரவில்லை. ஆலயமும் எரியவில்லை. அந்த எழுத்தால்தான் தப்பியதா, கொளுத்துகிறவனுக்கு வேறு வேலை வந்துவிட்டதா, யார் கண்டது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் கோரின் அதைச் சொல்லுவாள். கல்லறையில் புல் வெட்டிவிட்டு இரண்டு பேரும் மர நிழலில் பொரித்த கெளுத்தி மீனைப் பிரித்துச் சாப்பிடும்போது சொல்லுவாள். "அவனுங்க ஜெயிச்சானுங்க. நம்ம சனமும் பயந்து கை தூக்கிடுச்சு, நான் ஆரையும் தப்பு சொல்லல. ஆனா புஸ்தகத்துல ஒரு 'இல்ல' இருக்கு. அது போதும் எனக்கு. நீ எழுதினது." ஓசெல்லாவுக்குத் தொண்டையில் முள் நிற்கும். மீனில் முள் இருந்ததென்று சொல்லுவாள். பிறகு வாக்கு வந்தது, கறுப்பு ஷெரீப்பே வந்தான், பயப்பட ஒன்றும் இல்லாமல் போனது. பயம் காலி செய்த வீட்டில் வெட்கம் குடிவந்தது. அது எதற்கும் காலி செய்வதாக இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் கோர்ட்டுப் புல்வெளியில் ஒரு கருங்கல் நாட்டுவதாக மாவட்டத்தில் முடிவானது. அந்தக் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பேரையெல்லாம் அதில் வெட்டப்போகிறார்கள். ஏழு பேர் கொண்ட குழு. அதில் நாலு பேர் வெள்ளைக்காரர்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் டெல்ரே ஸ்டோக்ஸ் நம் பக்கத்து ஆள். வீட்டார் சொன்னால் மட்டும் போதாது, ஏதாவது ஓர் ஆவணம் வேண்டும் என்பது குழுவின் விதி. நவம்பர் முதல் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொன்றவனிடமே ரசீது வாங்கி வரச் சொல்லாததுதான் குறை.

கோரினுக்கு எழுபது வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள நகரத்துக்குப் போகிறாள். அடுத்த ஆகஸ்ட் வரை தாங்குமோ தாங்காதோ. ஆனால் அவள் கவலைப்படவில்லை.

"ஆவணம் இருக்கு சார்" என்றாள் வாத்தியாரிடம். "எங்க சபைப் புஸ்தகத்துல இருக்கு. அன்னைக்கே நான் எந்திரிச்சு நின்னு சொன்னது பேரோட இருக்கு. ஓசெல்லா எடுத்துத் தருவா."

டீக்கன் போல்டனுக்கு இப்போது எண்பது. அவர் காதுக்கும் இது போனது. ஓசெல்லாவுக்குப் போன் போட்டார்.

"எலி தின்னுருச்சுன்னு சொல்லிடு, சிஸ்டர். அந்தப் பழைய பீரோவுல எலி இல்லன்னு ஆரு நிரூபிக்கப் போறா?"

"எலி மேல ஏற்கெனவே நெறய பழி இருக்கு, டீக்கன்" என்று வைத்துவிட்டாள்.

தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, கோரினிடம் போய் முன்கூட்டியே சொல்லத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நினைத்தாள், புதன்கிழமை நினைத்தாள். வியாழக்கிழமை சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு கோரின் வீட்டுக்குப் போய், அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆலய அலுவலக அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கோரின் நல்ல தொப்பி போட்டு வந்திருந்தாள். வாத்தியார் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தார். விபத்தினால் நீரில் மூழ்கி. கோரின் கையை அசைத்தாள்.

"அது பாஸ்டர் சொல்லி எழுதினது சார். கீழ பாருங்க. கீழ."

வாத்தியார் கீழே பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு ஓசெல்லாவைப் பார்த்தார். ஓசெல்லா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் போட்டிருக்கு?"

"ஏகமனதாக ஏற்கப்பட்டதுன்னு இருக்குதும்மா."

கோரின் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானே வாசித்தாள். விரல் வைத்து, எழுத்து எழுத்தாக. அவள் கத்துவாள் என்று ஓசெல்லா காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"ஏகமனதுன்னா நானும் சேத்தாடி?"

ஓசெல்லா புத்தகத்தை மூடக் கை நீட்டினாள். கோரின் அதை விடவில்லை.

"நாப்பத்திரண்டு வருசம் எம்பக்கத்துல உக்காந்து மீன் தின்னியேடி. நானும் உன் தட்டுலதானடி எடுத்துத் தின்னேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கொன்னவங்களோட சேத்து என்னையும் கை தூக்க வச்சிட்டியே."

அதற்கு மேல் அவள் ஓசெல்லாவிடம் பேசவில்லை. வாத்தியார்தான் வாசலில் சொன்னார். "நான் நம்பறேன்மா. ஆனா குழுவுல ஒரு வக்கீல் இருக்கான். 'உங்க சபையே ஏகமனதா விபத்துன்னு எழுதியிருக்கே, நாங்க என்ன பண்ண'ம்பான். நீங்க இப்ப வந்து சாட்சி சொன்னாலும் உங்க கையெழுத்தையே உங்க மூஞ்சிக்கு நேரா காட்டுவான். சபை கூடி அந்தக் குறிப்பைத் திருத்தினாத்தான் வழி."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோரின் வலப்பக்கம் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். மூன்றாவது பெஞ்சில் ஓசெல்லா தனியாக உட்கார்ந்திருந்தாள். சபை முழுக்கப் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் அவள் திருத்தத்தை எழுதி எழுதிக் கிழித்தாள். அடித்தல் திருத்தல் தெரியாத கைக்கு அது பழக்கமில்லை. எல்லாவற்றையும் எழுதலாம், மூடிய கைகளை மட்டும் எழுத முடியவில்லை. எழுதினால் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்று தான் சொன்னதும் பொய் என்றாகிவிடும். ஒரு பொய்யைக் கோரின் கண்டுபிடித்துவிட்டாள். இன்னொன்றையும் எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? கடைசியில் அந்த வரியை விட்டுவிட்டே எழுதினாள்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். குழுவிலிருந்து டெல்ரே வாத்தியார் பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கோரின் கடைசிப் பெஞ்சில், ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி. இப்போதைய போதகர் ரெனார்ட் முப்பத்து நாலு வயதுப் பிள்ளை; குளிர்சாதன எந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவசரமாக இருந்தார். ஓசெல்லா ஜூன் மாதக் குறிப்பை வாசித்து முடித்தாள்.

"திருத்தம் உண்டா? இல்ல. அப்படின்னா..."

"உண்டு, பாஸ்டர்."

"சொல்லுங்க சிஸ்டர். ஜூன் மாசத்துலயா?"

"அறுபத்து நாலு செப்டம்பர்ல."

டீக்கன் போல்டன் எழுந்துவிட்டார். "பாஸ்டர், இது ஒழுங்கில்ல. அந்தக் கூட்டத்துல இருந்தவங்க பாதிப் பேரு கல்லறையில இருக்காங்க. அவங்களுக்கு எந்திரிச்சுப் பதில் சொல்ல முடியாது."

"நீங்க இருக்கீங்களே, டீக்கன்" என்றாள் ஓசெல்லா. "நீங்கதான வழிமொழிஞ்சீங்க."

"எனக்கு நாலு பிள்ளைங்க இருந்துச்சு!"

"எனக்கு ரெண்டு. நான் உங்களச் சொல்ல வரல. என்னையச் சொல்ல வந்தேன்."

அவர் நின்றபடியே இருந்தார், உட்காரச் சொல்ல ஆளில்லாமல். போதகர் ரெனார்ட் கையைக் காட்டினார், வாசிங்க என்று. ஓசெல்லா தாளைப் பிரித்தாள். இந்தத் தடவை குரல் கடைசிப் பெஞ்சு வரை போனது. சகோதரர் லூஷியஸ் ட்ரெட்வே விபத்தில் இறக்கவில்லை, கொல்லப்பட்டார். அவரைக் குளிப்பாட்டியவர்களில் உயிரோடு இருப்பவள் நான். மணிக்கட்டில் கம்பித் தடத்தையும் தலையில் காயத்தையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, தெரிந்தே, விபத்து என்று எழுதினேன். அதைச் சகோதரி கோரின் ட்ரெட்வே எழுந்து நின்று எதிர்த்தார். எதிர்த்ததைத் தெரிந்தே எழுதாமல் விட்டேன். ஏகமனதாக என்பது பொய். எழுதியவள் ஓசெல்லா மாப்.

"இப்படித் திருத்தணும்னு முன்மொழியறேன்" என்று முடித்தாள்.

"வழிமொழிய யாராவது..." என்றார் போதகர்.

"ஒரு கேள்வி இருக்கு" என்றது கடைசிப் பெஞ்சு.

ஐந்து வாரத்துக்குப் பிறகு கோரின் அவளைப் பார்த்துப் பேசினாள். உட்கார்ந்தபடியேதான் பேசினாள், எழுந்திருக்க முடியவில்லை.

"பர்னெல் எங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னான். நீயும் என்கிட்ட சத்தியம் பண்ணினே. தண்ணில விழறதுக்கு முந்தியே போயிட்டான்னு. அதத் தாள்ல காணோமே. அது நெசமா?"

ஓசெல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் தம்பி வலியில்லாமல் செத்தான் என்று நினைத்தபடி கோரின் கண்ணை மூடலாம். ஆனால் கோரின் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கும் பேனாவை எடுத்தாள்.

"இல்ல" என்றாள். "பொய். கை ரெண்டையும் மூடியிருந்தான். நாங்க பிரிச்சோம். அடிப்பாசி இருந்துச்சு, வேரோட. உயிரோட இருந்திருக்கான்டி. கீழ போயும் பிடிச்சுக்கப் பாத்திருக்கான்."

யாரோ ஒரு பெண் "ஆண்டவரே" என்றாள்.

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும்."

கோரின் ஊன்றுகோலின் மேல் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் தொடப் போனாள். கோரின் முழங்கையால் தள்ளிவிட்டாள். போதகர் ரெனார்டுக்கு அவசரம் போய்விட்டிருந்தது.

"எங்கம்மா போய்ச் சேந்தது நல்லதாப் போச்சு" என்றாள் கடைசியில், நிமிராமலே. பிறகு நிமிர்ந்தாள். "கையக் கட்டிப் போட்டும் சண்ட போட்டிருக்கான். அதையும் எழுது. எழுதினா வழிமொழியறேன்."

ஓசெல்லா எழுதினாள். நின்றபடியே எழுதினாள். வரி கோணியது, ஒரு வார்த்தையை அடித்துத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. அதை வாசித்தாள். கோரின் வழிமொழிந்தாள். ஆம் என்பவர்கள் கை தூக்கும்படி போதகர் கேட்டார். இளையவர்களின் கைகள் முதலில் எழுந்தன. டீக்கன் போல்டன் நின்றுகொண்டேதான் இருந்தார். அவருடைய கை தோள் வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. அதற்கு மேல் தூக்க முடியாத வயது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஏகமனதான்னு போட்டுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார் போதகர் ரெனார்ட், தெரியாத்தனமாக.

"வேண்டாம்" என்றாள் ஓசெல்லா. "ஒவ்வொருத்தரும் பேரச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

சொன்னார்கள். முப்பத்தேழு பேர். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. டெல்ரே வாத்தியார் வந்து பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, "இது போதும்மா. வக்கீல் இதைத் தாண்ட முடியாது. பேரு கல்லுல வரும்" என்றார்.

எல்லாரும் வெளியே சாப்பாட்டுக்குப் போனார்கள். கோரின் ஊன்றுகோலை ஊன்றி நடைவழியில் மெல்ல மெல்ல வந்தாள். மேசைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தாள். ஒரு வரியும் விடவில்லை. இனி அந்தக் கையெழுத்தை அவள் வாசிக்காமல் நம்பப்போவதில்லை. ஓசெல்லா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பரீட்சைத் தாளைக் கொடுத்த பிள்ளை மாதிரி.

"சரியா இருக்கா?"

"இருக்கு." கண்ணாடியைக் கழற்றினாள். "நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு எங்கயும் எழுதலையே?"

"எழுதல."

"எழுதிடாத" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள்.